அத்தியாயம் 6: தூதரகத்திடம் உதவி கேட்பது எப்படி?

வளைகுடாவுக்கு வேலைக்குக் கிளம்புகிறவரிடம் இந்தியத் தூதரகத்தைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகச் சொல்லி அனுப்புவார்கள். ‘எது நடந்தாலும் எம்பசிக்குப் போய்விடு, பத்திரமாக ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்பது ஒன்று. ‘எம்பசியில் ஒன்றும் நடக்காது, டாக்ஸிக் காசுதான் வீண்’ என்பது இன்னொன்று. தூதரகத்தை அயல்நாட்டில் இயங்கும் நம்மூர்க் காவல் நிலையமாக நினைப்பதால்தான் இரண்டு பேச்சும் வருகின்றன. இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான்: தூதரகத்துக்கு அந்த நாட்டு அரசிடம் கேட்கும் உரிமை உண்டு, உத்தரவிடும் உரிமை கிடையாது. கேட்பதற்குத் தாள் வேண்டும், தேதி வேண்டும், எந்த அலுவலகத்தில் கேட்பது என்ற தெளிவு வேண்டும். இவற்றோடு போகிறவருக்குத் தூதரகம் பயன்படும். வெறுங்கையோடு போகிறவருக்கு, மனமிருக்கும் அதிகாரியால்கூட அதிகம் செய்ய முடியாது.

தெரிய வேண்டிய சட்டம் இவ்வளவுதான்

உலகத் தூதரகங்கள் எல்லாம் இரண்டு ஒப்பந்தங்களுக்குள் இயங்குகின்றன. 1961-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் தூதரகத்தின் வேலைகளைப் பட்டியலிடுகிறது: தன் அரசின் சார்பில் பேசுவது, பேச்சுவார்த்தை நடத்துவது, நாட்டு நிலவரத்தைச் சட்டத்துக்கு உட்பட்டு அறிந்து தன் அரசுக்குச் சொல்வது, வணிகமும் நட்பும் வளர்ப்பது, தன் குடிமக்களின் நலனைக் காப்பது. கடைசியாகச் சொன்னதுதான் உங்களுக்கானது. அதிலும் சர்வதேசச் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் என்று ஒரு வேலி போடப்பட்டிருக்கிறது. அதே ஒப்பந்தத்தின் 41-ஆம் பிரிவு, தூதரகத்தார் அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும், உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்கிறது. 1963-ஆம் ஆண்டின் இன்னொரு வியன்னா ஒப்பந்தம் துணைத் தூதரகப் பணிகளைப் பற்றியது. பாஸ்போர்ட், சான்றொப்பம், சிறைச் சந்திப்பு, இறந்தவர் உடலை அனுப்புதல் எல்லாம் இதன் கீழ் வருபவை. கைதாகிறவருக்கு மிக முக்கியமான 36-ஆம் பிரிவும் இதில்தான் இருக்கிறது.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே களைந்துவிடலாம். தூதரகக் கட்டடம் இந்திய மண் அல்ல. தூதரகத் தலைவரின் அனுமதி இல்லாமல் அந்நாட்டுப் போலீஸ் உள்ளே நுழைய முடியாது, அவ்வளவுதான். நிலம் அந்த நாட்டுடையது, சட்டமும் அந்த நாட்டுடையது. உங்கள் மேல் வழக்கோ, ‘வேலையை விட்டு ஓடிவிட்டார்’ என்ற புகாரோ இருந்தால் தூதரகத்துக்குள் கால் வைத்ததும் அது மறைந்துவிடாது.

அப்படியானால் தூதரகம் எதற்கு என்று கேட்கலாம். இதற்கு 2018-இல் குவைத்தில் நடந்ததைவிடத் தெளிவான பதில் இல்லை. முதலாளிகளின் வீடுகளில் தவித்த பிலிப்பைன்ஸ் பணிப்பெண்களை அந்நாட்டுத் தூதரக ஊழியர்கள் நேரடியாக வண்டியில் ஏற்றி மீட்டார்கள். அந்தக் காட்சிகள் வெளியானதும் தன் இறையாண்மையை மீறியதாகக் குவைத் கொதித்தது. ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் தூதரை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. ஆனால் அடுத்த மாதமே இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பாஸ்போர்ட்டையும் கைபேசியையும் முதலாளி பறித்து வைத்துக்கொள்வதற்கு எதிரான பாதுகாப்பு அதில் எழுத்தில் வந்தது. அந்த ஒப்பந்தத்தின் பின்னணியில், குவைத்துக்கு ஆள் அனுப்ப மாட்டோம் என்ற பிலிப்பைன்ஸ் அரசின் தடை இருந்தது. தூதரக வண்டியால் சில பெண்களை மீட்க முடிந்தது, அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. பேச்சுவார்த்தை மேசை எல்லோருக்குமான உரிமையைத் தாளில் கொண்டுவந்தது. தூதரகத்தின் இயல்பான பலம் அந்த மேசைதான். உங்கள் கோப்பு அந்த மேசைக்குப் போய்ச் சேரும்படி செய்வதே இனிவரும் படிகளின் நோக்கம்.

தூதரகம் செய்யக்கூடியவை

1. பாஸ்போர்ட் தொலைந்தாலோ கையில் இல்லாவிட்டாலோ புதிய பாஸ்போர்ட், அல்லது ஊர் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழ் (தொழிலாளர்கள் ‘அவுட்பாஸ்’ என்பது இதைத்தான்) கொடுப்பது.
2. கம்பெனியிடமும் தொழிலாளர் துறையிடமும் உங்கள் சார்பில் பேசுவது, கடிதம் எழுதுவது.
3. சிறையில் சந்திப்பது, வழக்கறிஞர் ஏற்பாட்டுக்கு உதவுவது.
4. கதியற்ற நிலையில் இருப்பவருக்குத் தங்குமிடம், உணவு, அவசர மருத்துவம், விமானச் சீட்டு ஆகியவற்றை இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தருவது. 2009-இல் தொடங்கிய இந்த நிதி, உண்மையிலேயே வழியில்லாதவர்களுக்கு மட்டும், நிலைமையை ஆராய்ந்து தரப்படுகிறது.
5. இறந்தவர் உடலை அனுப்புவதற்கான அனுமதிக் கடிதம் தருவது, இழப்பீட்டைக் கேட்டு வாங்க உதவுவது.

தூதரகத்தால் முடியாதவை

1. சிறையிலிருந்து விடுவிப்பது, வழக்கை ரத்து செய்வது.
2. சம்பளத்தைத் தன் கையிலிருந்து கொடுப்பது.
3. முதலாளியின் வீட்டுக்குள்ளோ லேபர் கேம்ப்புக்குள்ளோ அனுமதியின்றி நுழைவது.
4. புது வேலை தேடித் தருவது, உங்கள் கடனை அடைப்பது.

முதல் கட்டம்: ஊரிலிருந்து கிளம்புமுன்

தூதரகத்தின் உதவி ரியாத்திலோ மஸ்கட்டிலோ தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சென்னை விமான நிலையத்துக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. ஆறு வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி ‘இ-மைக்ரேட்’ என்ற அரசுத் தளத்தின் வழியே கிடைக்கிறது. உங்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனியின் பெயர், உங்கள் வேலை, பேசிய சம்பளம் எல்லாம் அதில் பதிவாகின்றன. நாளைக்குச் சம்பளத் தகராறு வந்தால், தூதரக அதிகாரி கையில் எடுத்துக்கொண்டு பேசக்கூடிய முதல் தாள் இந்தப் பதிவுதான். விசிட் விசாவில் போனவருக்கு இந்தப் பதிவு இருக்காது. அவர் அங்கே தொழிலாளி என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

1. ஏஜெண்டின் பெயரையும் உரிம எண்ணையும் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். அங்கே இல்லாத ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.
2. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. ரசீது கேளுங்கள். ரசீது தராதவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.
3. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டை எடுங்கள். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் பாதுகாப்பு உண்டு.
4. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீடு, ஏஜெண்ட் ரசீது ஆகியவற்றை இரண்டு நகல் எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், ஒன்று உங்கள் பையில். படமெடுத்து, கைபேசியைப் பறித்தாலும் கிடைக்கும்படி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.
5. போகும் ஊர் எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். துபாய், ஷார்ஜா உள்ளிட்ட வடக்கு எமிரேட்டுகளுக்குத் துபாய் துணைத் தூதரகம். அபுதாபிக்கு அங்கே இருக்கும் தூதரகம். சவூதியில் ஜித்தா, மக்கா, மதீனா பக்கத்துக்கு ஜித்தா துணைத் தூதரகம். ரியாத், தம்மாம் பக்கத்துக்கு ரியாத் தூதரகம்.

*குறிப்பு:* இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இந்த வேலைகளை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் இலங்கைத் தூதரகமும் செய்கின்றன. கைது, மரணம் தொடர்பான படிகள் அவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

விசிட் விசாவில் போய் நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்களே என்ற கேள்வி வரும். இருக்கிறார்கள்தான். பதிவு இல்லாமல் போவதன் இழப்பு எல்லாம் நன்றாக நடக்கும்போது தெரியாது. மியான்மரின் மியாவடி பகுதியில் இணைய மோசடி முகாம்களில் சிக்கியவர்களைப் பாருங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்ற பேச்சை நம்பிப் போய், எல்லை தாண்டிக் கடத்தப்பட்டவர்கள் அவர்களில் பலர். அந்த இடங்கள் மியான்மர் அரசின் கைக்குள் முழுமையாக இல்லை. எனவே யாங்கோனில் இருக்கும் இந்தியத் தூதரகம் அந்த அரசிடம் கேட்டாலும், அரசின் கை எட்டாத இடத்துக்குக் கேள்வியும் எட்டவில்லை. 2025 மார்ச்சில் 549 இந்தியர்கள் தாய்லாந்தின் மே சோட் வழியாக இந்திய விமானப்படை விமானங்களில் திரும்பியது, பல தரப்பு முயற்சி கூடி வந்த பிறகுதான். அந்த நாட்டு அரசுக்குத் தெரியாத வழியில் போகிறவர், தூதரகத்தின் கையையும் அந்த அளவுக்குக் குறுக்கிவிட்டுத்தான் போகிறார்.

இரண்டாம் கட்டம்: போய்ச் சேர்ந்த முதல் வாரம்

1. தூதரகத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து உதவி எண், தொழிலாளர் பிரிவின் மின்னஞ்சல், வாட்ஸ்அப் எண் ஆகியவற்றை எடுத்துக் கைபேசியிலும் ஒரு துண்டுத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.
2. பதிவு செய்யும் வசதி இருந்தால் பெயர், இடம், ஊரில் தொடர்புகொள்ள வேண்டியவர் எண்ணைப் பதியுங்கள். 2015-இல் ஏமனிலிருந்தும் 2023-இல் சூடானிலிருந்தும் இந்தியர்களை வெளியேற்றியபோது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் தேவையாக இருந்தது.
3. இகாமா, பத்தாக்கா, சிவில் ஐடி என்று அந்த நாட்டில் எந்தப் பெயர் இருந்தாலும், அடையாள அட்டை கைக்கு வந்ததும் இரு பக்கமும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.
4. அரபியில் புதிய ஒப்பந்தம் நீட்டினால், சம்பளமும் வேலையும் ஊரில் போட்டதோடு ஒத்துப்போகிறதா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கையெழுத்துப் போடுமுன் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

*பொதுவான தவறு:* ஒப்பந்தத்தின் நகல் கேட்டால் கம்பெனி கோபித்துக்கொள்ளும் என்று கேட்காமல் விடுவது. கோபம் ஒரு நாளில் தீரும். நகல் இல்லாத குறை இரண்டு ஆண்டுக்கும் உங்களைத் தொடரும்.

மூன்றாம் கட்டம்: சம்பளம் நின்றுபோனால்

வரிசை இங்கேதான் பெரும்பாலும் தவறுகிறது. சம்பளம் வராமல் மூன்று மாதம் பொறுத்துவிட்டு, நான்காம் மாதம் கூட்டமாக வேலையை நிறுத்திவிட்டு, நேரே தூதரக வாசலுக்குப் போகிறார்கள். தூதரகம் கேட்கும் முதல் கேள்வி, தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தீர்களா என்பது. இதைத் தட்டிக்கழிக்கும் பேச்சாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சம்பளத்தை வசூலித்துத் தரும் அதிகாரம் அந்த நாட்டுத் தொழிலாளர் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு. புகார் எண் இருந்தால், ‘இந்த எண்ணுள்ள வழக்கு ஏன் நகரவில்லை’ என்று தூதரகம் எழுதலாம். எண் இல்லாவிட்டால் கம்பெனியின் மந்தூபுக்கு (அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் ஊழியர்) ஒரு போன் செய்வதோடு அதன் வேலை நின்றுவிடும்.

1. ஒரே ஒரு பக்கத்தில் கணக்கு எழுதுங்கள்: உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், அடையாள அட்டை எண், கம்பெனி பெயர், எந்தெந்த மாதச் சம்பளம் நிலுவை, எவ்வளவு.
2. கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பும் எழுத்துதான். பதில் வந்தாலும் வராவிட்டாலும் திரையைப் படமெடுத்து வையுங்கள்.
3. வங்கிக் கணக்கு விவரத்தை எடுங்கள். சம்பளம் வங்கி வழியே போக வேண்டும் என்ற முறையை ஐக்கிய அரபு அமீரகம் 2009-இலேயே கொண்டுவந்தது. கணக்கில் வராத மாதமே உங்கள் சாட்சி.
4. தொழிலாளர் துறையில் புகார் பதியுங்கள். சவூதியில் முதலில் சமரசப் பிரிவு, அங்கே தீராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம் என்பது வரிசை.
5. புகார் எண்ணோடு தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கு எழுதுங்கள். ‘உதவுங்கள்’ என்று மட்டும் எழுதாமல், வேண்டியதைக் குறிப்பாகக் கேளுங்கள்: மொழிபெயர்ப்பாளர் வேண்டும், கம்பெனியோடு பேச வேண்டும், விமானச் சீட்டு வேண்டும்.
6. அழைத்த தேதிக்கு ஒவ்வொரு முறையும் போங்கள். வராதவரின் புகார் மூடப்படும்.
7. வழக்கு முடியுமுன் ஊர் திரும்ப நேர்ந்தால், நம்பகமான ஒருவருக்கோ வழக்கறிஞருக்கோ தூதரகச் சான்றொப்பத்தோடு பவர் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

காலக்கெடுவை மறக்காதீர்கள். சவூதியிலும் குவைத்திலும் வேலை முடிந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். அமீரகத்தில் 2024-இல் இதை இரண்டு ஆண்டாக்கினார்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் கெடு தாண்டிவிடும். அதற்குப் பிறகு தூதரகம் எழுதும் கடிதத்துக்கும் மதிப்பு இருக்காது.

*பாதுகாப்புக் குறிப்பு:* முதலாளியின் முகத்தையோ கம்பெனிப் பெயரையோ காட்டி வீடியோ எடுத்து முகநூலில் போடாதீர்கள். வளைகுடா நாடுகளின் இணையக் குற்றச் சட்டங்கள் கடுமையானவை. பாதிக்கப்பட்ட நீங்களே குற்றவாளியாக நிற்க நேரிடும். அதே வீடியோவைத் தூதரக மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்புங்கள். அது சான்றாக மாறும். கூட்டமாக வேலைநிறுத்தம் செய்வதும் நாடுகடத்தலில் முடியலாம்.

*பொதுவான தவறு:* ‘எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்ற அரபுத் தாளில், பணம் பிறகு வரும் என்ற வாக்குறுதியை நம்பிக் கையெழுத்துப் போடுவது. அந்தக் கையெழுத்துக்குப் பிறகு தூதரகம் கேட்பதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

நான்காம் கட்டம்: அடைத்து வைத்தால், அடித்தால், தப்பி வர நேர்ந்தால்

உயிருக்கு ஆபத்து என்றால் வரிசை மாறும். முதல் அழைப்பு அந்த நாட்டுப் போலீசுக்கு, இரண்டாவது தூதரகத்துக்கு. வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் போலீசுக்கு மட்டுமே உண்டு. அமீரகம், கத்தார், பஹ்ரைன் நாடுகளில் 999, குவைத்தில் 112, ஓமனில் 9999. ஆபத்து உடனடியாக இல்லாமல், கொடுமை தாங்காமல் வெளியேற நினைத்தால் கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றுங்கள்.

1. வெளியேறுமுன் தூதரகத்துக்குச் செய்தி அனுப்புங்கள்: எங்கே இருக்கிறீர்கள், என்ன நடந்தது, ஏன் வெளியேறுகிறீர்கள். முதலாளி ‘ஓடிவிட்டார்’ என்று புகார் (சவூதியில் ஹுரூப்) கொடுப்பதற்கு முந்தைய தேதியில் உங்கள் செய்தி இருந்தால் அதற்குத் தனி எடை உண்டு.
2. உங்கள் உடைமையைத் தவிர எதையும் எடுக்காதீர்கள். வீட்டுச் சாவி, சிம் அட்டை, கைச்செலவுக்காகச் சிறு தொகை எதுவானாலும் திருட்டுப் புகாராக மாறும்.
3. பாஸ்போர்ட் கையில் இல்லை என்பதற்காகத் தங்கிவிடாதீர்கள். நகல் இருந்தால் போதும், அடையாளத்தைச் சரிபார்த்து அவசரச் சான்றிதழ் தர வழி இருக்கிறது.
4. நேரே தூதரகத்துக்கோ போலீசுக்கோ போங்கள். தெரிந்தவர் அறையில் ஒளிந்து, கல்லிவல்லியாக (சட்டப்படி அனுமதி இல்லாமல்) வேறு வேலைக்குப் போனால் உங்கள் பக்க நியாயம் அன்றோடு பலவீனமாகிவிடும்.

ஐந்தாம் கட்டம்: கைதானால்

1963 ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவு இதற்கானது. கைதான வெளிநாட்டவரிடம் அவருடைய தூதரகத்துக்குத் தெரிவிக்கும் உரிமை இருப்பதைத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் தெரிவிக்க வேண்டும். தூதரக அதிகாரிகள் அவரைச் சந்திக்கவும் வழக்கறிஞர் ஏற்பாடு செய்யவும் உரிமை உண்டு. இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. பாகிஸ்தானில் சிறை வைக்கப்பட்ட இந்தியரான குல்பூஷண் ஜாதவ் வழக்கில், அந்நாடு இந்தப் பிரிவை மீறியதாக 2019 ஜூலை 17-இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்து, தூதரகச் சந்திப்புக்கு வழிசெய்ய உத்தரவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில், அவரை விடுவிக்க வேண்டும் என்ற இந்தியாவின் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. சந்திக்கும் உரிமைக்கும் விடுவிக்கும் அதிகாரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை இந்த ஒரு தீர்ப்பு அளந்து காட்டிவிடுகிறது. பிரிவில் ‘அவர் கேட்டால்’ என்று இருப்பதையும் கவனியுங்கள். கேட்க வேண்டியது நீங்கள்தான்.

1. ‘உரீது அஸ்ஸிஃபாரா அல்ஹிந்தியா’ என்று சொல்லுங்கள். இந்தியத் தூதரகம் வேண்டும் என்று பொருள். ஒருமுறை சொல்லிப் பதில் இல்லாவிட்டால் அடுத்த அதிகாரியிடமும் சொல்லுங்கள்.
2. மொழிபெயர்ப்பாளர் வந்து படித்துச் சொல்லாமல் எந்த அரபுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.
3. வாக்குவாதம் செய்யாதீர்கள், பணம் நீட்டாதீர்கள்.
4. ஊரில் உள்ள குடும்பம் தூதரகத்துக்கு எழுத வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், கைதான தேதி, ஊர், கம்பெனி பெயர், கடைசியாகப் பேசிய எண்.
5. தண்டனை உறுதியானால், மீதித் தண்டனையை இந்தியச் சிறையில் கழிக்க முடியுமா என்று கேளுங்கள். இதற்கென 2003-ஆம் ஆண்டின் கைதிகள் பரிமாற்றச் சட்டம் இருக்கிறது. அமீரகம், கத்தார் போன்ற நாடுகளோடு ஒப்பந்தமும் இருக்கிறது. கைதியும் இரு நாட்டு அரசுகளும் சம்மதிக்க வேண்டும்.

ஆறாம் கட்டம்: மரணம் நேர்ந்தால் குடும்பம் செய்ய வேண்டியவை

2024 ஜூன் 12-இல் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து 45 இந்தியர்கள் இறந்தபோது (அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்), இந்திய விமானப்படை விமானம் இரண்டே நாளில் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அதைப் பார்த்தவர்கள், தனி ஒருவர் இறந்தால் மட்டும் ஏன் வாரக்கணக்காகிறது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பெருவிபத்தில் இரு அரசுகளின் மேல்மட்டமும் சேர்ந்து ஒவ்வொரு தாளையும் விரட்டுகிறது. தனி மரணத்தில் அந்தத் தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர வேண்டும். விரட்டும் வேலையில் ஒரு பங்கு குடும்பத்தின் தலையில் விழுகிறது. எந்தத் தாள் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் நாட்கள் குறையும்.

1. மருத்துவமனை தரும் இறப்புச் சான்றிதழ். விபத்தோ இயற்கைக்கு மாறான மரணமோ என்றால் போலீஸ் அறிக்கையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும்.
2. பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் நகல்.
3. உடலை அனுப்புவதா, அங்கேயே அடக்கமா என்று நெருங்கிய உறவினர் எழுதி நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதம். பெரும்பாலும் தாமதமாவது இதுதான். முதல் நாளே எழுதி ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.
4. தூதரகம் பாஸ்போர்ட்டை ரத்து செய்து, தடையில்லாக் கடிதம் தரும்.
5. உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், அந்நாட்டுக் குடியேற்ற, சுங்க அனுமதிகள், பிறகு விமானச் சரக்குப் பதிவு.

செலவைக் கம்பெனி ஏற்பதே வழக்கம். கம்பெனி மறுத்து, குடும்பத்துக்கும் வழியில்லை என்றால் சமூக நல நிதியைக் கேட்டுத் தூதரகத்துக்கு எழுதுங்கள். அடக்கம் முடிந்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். நிலுவைச் சம்பளம், பணிக்கொடை, விபத்து இழப்பீடு, காப்பீடு நான்கும் தனித்தனிக் கணக்குகள். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, சான்றொப்பம் பெற்ற பவரோடு அனுப்பினால் தூதரகம் உங்கள் சார்பில் கோரும். வசூலாகும் தொகை மாவட்ட ஆட்சியர் வழியாக வாரிசுகளுக்கு வருவது வழக்கமான முறை.

பதில் வராவிட்டால்

தூதரகம் நாட்டு உறவைக் காக்கத்தான் பார்க்கும், தொழிலாளியை அல்ல என்ற குற்றச்சாட்டை ஒதுக்கித் தள்ள முடியாது. எண்ணெய், வணிகம், அரசியல், குடிமக்கள் நலன் எல்லாமே அதே கட்டடத்தின் வேலைகள். அவை ஒன்றோடொன்று மோதும் நாள் உண்டு. அதனால்தான் உங்கள் கோரிக்கை வாய்ப்பேச்சாக இல்லாமல், எண்ணும் தேதியும் உள்ள கோப்பாக, ஒன்றுக்கு மேற்பட்ட மேசைகளில் இருக்க வேண்டும். வாய்மொழி வேண்டுகோளை மறந்துவிடலாம். எண் உள்ள கோப்புக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

1. வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய ‘மதத்’ தளத்தில் புகார் பதியுங்கள். ஊரிலிருந்து குடும்பத்தாரும் பதியலாம். தூதரகமும் டெல்லியும் ஒரே கோப்பைப் பார்க்கும்.
2. தூதரகங்கள் நடத்தும் திறந்த சந்திப்பு நாளுக்குப் போங்கள். தூதரையோ மூத்த அதிகாரியையோ நேரில் பார்க்கலாம். ஒரு பக்கக் கணக்குத் தாளை மறக்காதீர்கள்.
3. தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். மாநில அரசு வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதும்.
4. ஏஜெண்டின் மோசடி என்றால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் உள்ளூர்ப் போலீசுக்கும் தனிப் புகார் கொடுங்கள்.
5. தொகுதி எம்.பி. வழியாக எழுதச் சொல்வதும் பலன் தரும். அப்போதும் மதத் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

இவ்வளவு தாளும் தட்டச்சும் படிக்காத தொழிலாளியால் ஆகுமா என்பது கடைசி எதிர்ப்பு. தனியாக ஆகாது என்பதே நேர்மையான பதில். அங்கே இருக்கும் தமிழ்ச் சங்கங்களும் சமூக ஆர்வலர்களும் மனு எழுதவும், துணைக்கு வரவும், மொழிபெயர்க்கவும் உதவுகிறார்கள். அவர்களும் கடைசியில் தூதரகத்தின் வழியாகவும் அந்நாட்டு அலுவலகங்களின் வழியாகவும்தான் காரியத்தை முடிக்க முடியும். ஆகவே உதவியைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அசல் ஆவணத்தையும் முன்பணத்தையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள்; ‘எம்பசியில் ஆள் இருக்கிறது’ என்று காசு கேட்பவரை விட்டு விலகுங்கள்.

கிளம்புமுன் சரிபார்க்க வேண்டியவை

1. இ-மைக்ரேட் பதிவு எண் கையில் இருக்கிறதா?
2. ஒப்பந்தம், விசா, காப்பீடு, ரசீது நகல்கள் வீட்டில் இருக்கின்றனவா?
3. எந்தத் தூதரகம், எந்த எண் என்று வீட்டாருக்கும் தெரியுமா?
4. வீட்டில் ஒருவருக்காவது மதத் தளத்தில் புகார் பதியத் தெரியுமா? தெரியாவிட்டால் விமானம் ஏறுமுன் ஒருநாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். கைதிலும் மரணத்திலும் உங்கள் கோப்பைத் தொடங்கப் போகிறவர் அவர்தான்.